தவறான உத்தரவு வந்தால்: வாட்டர்கேட்டில் நான்கு பேர் போன நான்கு வழிகள்

1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. வாஷிங்டனில் அன்று மாலை மூன்று பேருக்கு ஒரே உத்தரவு ஒருவர் பின் ஒருவராக வந்தது: சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்டு காக்ஸைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும். உத்தரவு போட்டவர் அதிபர் ரிச்சர்டு நிக்சன். காக்ஸ் விசாரித்துக்கொண்டிருந்ததே நிக்சனின் வெள்ளை மாளிகையைத்தான். முதல் இரண்டு பேர் மறுத்துவிட்டுப் பதவியை இழந்தார்கள். மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார்.

அதிகார துஷ்பிரயோகம் என்று பேச்செடுத்தால் நம் கண் உடனே உச்சியில் இருக்கிறவர் மேல் போகிறது. நிக்சன் செய்தது தவறா என்று கேட்டால் எனக்கு அதில் தயக்கமே இல்லை. எந்த அறக் கோட்பாட்டை எடுத்து அளந்தாலும் தவறுதான். சிக்கல் அவருக்குக் கீழே இருந்தவர்களுடையது. மேலிருந்து வரும் எந்த உத்தரவும் கீழே யாரோ ஒருவருடைய மேசையைத் தாண்டித்தான் நிறைவேறும். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. சொன்னதைச் செய்யலாம். வேலையில் இருந்துகொண்டே செய்ய மறுக்கலாம். எல்லோரும் அறிய விலகலாம். யாருக்கும் தெரியாமல் வெளியே சொல்லிவிடலாம். வாட்டர்கேட் விவகாரத்தில் இந்த நான்கு வழிகளிலும் போன ஆட்கள் இருக்கிறார்கள். என்ன செய்தார்கள், என்ன ஆனது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இதில் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு கோப்பில் முன்தேதி போட்டுக் கையெழுத்திடச் சொன்னார்கள். போட்டுவிட்டேன். யாருக்கும் பெரிய நஷ்டம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. மேலதிகாரி பேனாவை நீட்டியபடி நின்றார். அந்த ஒரு நிமிடத்தில், அந்தச் சனிக்கிழமை முதலில் மறுத்தவரான ரிச்சர்ட்சனால், நீதி அமைச்சகத்தின் தலைவரான அந்த அட்டர்னி ஜெனரலால், முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை என்ற கேள்வியோடுதான் இவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972 ஜூன் 17 அதிகாலையில், வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சித் தலைமை அலுவலகத்துக்குள் நுழைந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் நிக்சனின் மறுதேர்தல் குழுவில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர். ஆறே நாளில், ஜூன் 23 அன்று, எஃப்பிஐயின் விசாரணையை சிஐஏ மூலமாகத் தடுக்கும் யோசனைக்கு நிக்சன் ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சு அவருடைய அறையில் இருந்த ஒலிப்பதிவுக் கருவியிலேயே பதிவானது. அப்படி ஒரு கருவி இருப்பது 1973 ஜூலை 16 அன்று செனட் விசாரணையில்தான் வெளியே தெரிந்தது. காக்ஸ் ஒன்பது உரையாடல்களின் நாடாக்களைக் கேட்டார். நீதிமன்றமும் கொடுக்கச் சொன்னது. நிக்சன் நாடாக்களுக்குப் பதில் சுருக்கம் தருகிறேன் என்றார், காக்ஸ் ஏற்கவில்லை. அதிலிருந்து வந்ததுதான் அந்தச் சனிக்கிழமை உத்தரவு.

சரி, அளவுகோல்கள். முதலாவது பெந்தம், மில் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதிகள் வளர்த்த பயன்நோக்குக் கோட்பாடு: விளைவைப் பார், அதிகம் பேருக்கு அதிக நன்மை எதில் வருகிறதோ அதைச் செய். அடுத்தது ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் கடமைவாதம்: எல்லோருக்கும் பொது விதியாக்க முடியாத ஒன்றைச் செய்யாதே, மனிதர்களை வெறும் கருவியாக்காதே, கொடுத்த வாக்கை மீறாதே. காண்ட் 1795-இல் இன்னொன்றும் எழுதினார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் அடிப்படை விதியை ஊரறியச் சொல்ல முடியாது என்றால் அந்தச் செயல் அநீதியானது என்று. அரசியல் ஊழலை அளப்பதற்கு இந்த ஒரு வரி மிகவும் கை கொடுக்கிறது. மூன்றாவது அரிஸ்டாட்டிலின் நற்பண்பு நெறி. இப்படிச் செய்வதால் நான் எப்படிப்பட்ட மனிதனாக ஆகிறேன், எந்த நேரத்தில் எதை எப்படிச் செய்வது என்ற விவேகம் எனக்கு இருக்கிறதா என்று அது கேட்கும்.

கீழ்ப்படிந்தவர்களிலிருந்து ஆரம்பிக்கலாம். அன்று மூன்றாவதாக உத்தரவு வந்தது சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க்குக்கு. அவரை வில்லனாகப் பார்ப்பது சுலபம். முன்பு நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் அவர் தரப்பு வாதம் கனமானது. பதவி வரிசையில் அவருக்குப் பிறகு பொறுப்பேற்க முறையாக யாரும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. அவரும் போனால் நீதி அமைச்சகம் தலையில்லாமல் நிற்கும், நிக்சன் தனக்கு வேண்டிய யாரையாவது கொண்டுவந்து உட்கார வைப்பார், காக்ஸோடு அவருடைய குழுவும் போய்விடும். மறுத்து விலகிய இருவருமே போர்க்கிடம், நீங்கள் போகாதீர்கள், அமைச்சகம் நிலைக்க யாராவது வேண்டும் என்றார்கள். தவிர, தக்க காரணமில்லாமல் சிறப்பு வழக்கறிஞரை நீக்க மாட்டேன் என்று ரிச்சர்ட்சன் செனட்டுக்குக் கொடுத்ததுபோல் தனிப்பட்ட வாக்கு எதையும் போர்க் கொடுத்திருக்கவில்லை.

விளைவை வைத்துப் பார்த்தால் அவர் கணக்கு ஏறக்குறையப் பலித்தது. காக்ஸின் வழக்கறிஞர்கள் வேலையில் தொடர்ந்தார்கள். நவம்பர் 1 அன்று லியோன் ஜவோர்ஸ்கி புதிய சிறப்பு வழக்கறிஞராக அறிவிக்கப்பட்டார். அவரும் நாடாக்களை விடவில்லை. 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் நாடாக்களைக் கொடுக்கச் சொல்லி ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார்.

இருந்தும் இந்தக் கணக்கை நான் முழுசாக நம்பவில்லை. விசாரணை பிழைத்ததற்குப் பெரிய காரணம் மக்களின் கோபம். அந்த இரவு வெள்ளை மாளிகை அறிவித்தது சிறப்பு வழக்கறிஞர் அலுவலகத்தையே கலைப்பதாகத்தான். எஃப்பிஐ ஆட்கள் போய் அந்த அலுவலகத்தை அடைத்துக் காவலுக்கு நின்றார்கள். அதைக் கண்டு நாடெங்கிலுமிருந்து தந்திகள் குவிந்தன, நாடாளுமன்றத்தில் பதவிநீக்கப் பேச்சு எழுந்தது, அப்புறம்தான் நிக்சன் பின்வாங்கினார். அந்தக் கோபத்தைக் கிளப்பியது மறுத்தவர்களின் விலகல். ஆக, கீழ்ப்படிந்தவரின் நல்ல விளைவுக்குப் பாதி விலை கீழ்ப்படியாதவர்கள் கொடுத்தது. தன் செயலின் பலனை மட்டும் தனியே பிரித்து எடுத்துக் கணக்குப் பார்க்கும்போது பயன்நோக்குக் கோட்பாடு இந்த இடத்தில்தான் தடுமாறும்.

சட்டமும் அவர் பக்கம் நிற்கவில்லை. கடும் முறைகேடு செய்தாலொழிய சிறப்பு வழக்கறிஞரை நீக்கக் கூடாது என்று அமைச்சகமே விதி போட்டிருந்தது. அந்த விதி அமலில் இருக்கும்போது காக்ஸை நீக்கியது சட்டவிரோதம் என்று நீதிபதி கெர்ஹார்டு கெசெல் அதே நவம்பரில் தீர்ப்பளித்தார். அரிஸ்டாட்டிலின் கேள்வியும் போர்க்கை லேசில் விடவில்லை. நீக்கிய கையோடு தானும் விலகிவிட யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார், பதவிக்காகச் செய்தவன் என்று தெரியக் கூடாது என்பதற்காக. ஆனால் இருந்துவிட்டார். அவர் இறந்த பிறகு 2013-இல் வெளிவந்த நினைவுக் குறிப்பில், உச்ச நீதிமன்றத்தில் அடுத்து காலியாகும் இடத்தைத் தருவதாக நிக்சன் தன்னிடம் சொன்னதை எழுதியிருக்கிறார். 1987-இல் அதிபர் ரீகன் அவரை அந்த நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தபோது செனட் 58-க்கு 42 என்ற கணக்கில் நிராகரித்தது. சனிக்கிழமை இரவு அப்போதும் பேசப்பட்டது.

போர்க்காவது யோசித்துவிட்டுக் கீழ்ப்படிந்தார். யோசிக்காமல் கீழ்ப்படிந்தவர்கள் அதே வெள்ளை மாளிகையில் வரிசையாக இருந்தார்கள். எகில் க்ரோக் என்ற இளம் வழக்கறிஞர் 1971-இல், வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்துக்குள் ஆட்களை நுழைய வைத்தார். தேசப் பாதுகாப்பு என்ற ஒரு சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். மறுதேர்தல் குழுவின் ஜெப் மக்ரூடர் கல்லூரியில் அறவியலே படித்தவர். செனட் விசாரணையில் அவர் சொன்னதன் சாரம் இது: வியட்நாம் போரை எதிர்த்துச் சட்டத்தை மீறியவர்களில் என் அறவியல் ஆசிரியரும் ஒருவர், நல்ல நோக்கத்துக்காகச் சட்டத்தை மீறலாம் என்ற எண்ணம் எங்களுக்கும் வந்துவிட்டது. அந்த ஆசிரியர் மீறியது எல்லோர் கண் முன்னாலும், வந்த வழக்கையும் எதிர்கொண்டு. மக்ரூடர் மீறியது இரவில், ஒளிந்து. காண்ட்டின் அந்த ஒரு வரியை வைத்துப் பார்த்தாலே இரண்டும் பிரிந்துவிடும். கோட்பாடு படிப்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது என்று இந்த இடத்தைப் படித்தபோது மனம் கனத்தது.

இரண்டாவது வழியில் போனவரைப் பலருக்குத் தெரியாது. ஜானி வால்டர்ஸ், அமெரிக்க வருமான வரித்துறையின் ஆணையர். 1972 செப்டம்பர் 11 அன்று நிக்சனின் சட்ட ஆலோசகர் ஜான் டீன் அவரை அழைத்து ஒரு பட்டியலைக் கொடுத்தார். எதிர் வேட்பாளர் மக்கவர்னுக்கு வேலை செய்தவர்கள், பணம் கொடுத்தவர்கள் என்று நூற்றுக்கணக்கான பெயர்கள். இவர்கள் மீது வரி விசாரணை வேண்டும். வால்டர்ஸ் பட்டியலை எடுத்துக்கொண்டு தன் மேலதிகாரியான நிதி அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸிடம் போனார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் ஷுல்ட்ஸ். பட்டியலை உறையில் போட்டு ஒட்டிப் பெட்டகத்தில் பூட்டினார் வால்டர்ஸ். 1973-இல் அது நாடாளுமன்றக் குழுவின் கைக்குப் போனது. வரித்துறையை எதிரிகள் மேல் ஏவ முயன்றது நிக்சன் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளில் ஒன்றாகவும் ஆனது.

நான்கு பேரில் என் மனம் அதிகம் போவது இவரிடம்தான். அவர் செய்தது மூன்று காரியம்: தனியாகச் சுமக்காமல் மேலே கொண்டுபோனார், உத்தரவை நிறைவேற்றவில்லை, ஆதாரத்தை அழிக்கவில்லை. இந்த மூன்றாவதன் அருமை புரிய வேண்டுமானால் அதே காலத்து எஃப்பிஐ தற்காலிக இயக்குநர் பாட்ரிக் கிரேயைப் பார்க்க வேண்டும். வெள்ளை மாளிகையிலிருந்து தன்னிடம் தரப்பட்ட ஆவணங்களை அவர் வீட்டுக் குப்பையோடு எரித்துவிட்டார். பட்டியலில் இருந்த நூற்றுக்கணக்கான பேர் தப்பித்தார்கள். வால்டர்ஸ் பொய் சொல்ல வேண்டியும் வரவில்லை, வேலையை இழக்க வேண்டியும் வரவில்லை. குறை ஒன்று உண்டு. அந்த உறை பெட்டகத்துக்குள் இருந்தபோதே நவம்பர் தேர்தல் முடிந்து நிக்சன் 49 மாநிலங்களில் ஜெயித்தார். வாக்களித்தவர்களுக்கு விஷயம் தெரியாது. தீமையைத் தடுத்துவிடலாம், தீமை செய்யச் சொன்னவரைத் தடுக்க முடியாது. அதுதான் மௌனமாக மறுப்பதன் எல்லை.

இனி விலகியவர்கள். அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் அந்தச் சனிக்கிழமை மாலை நிக்சனை நேரில் பார்த்தார். மத்தியக் கிழக்கில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நிக்சன் வைத்த வாதம் விளைவை முன்னிறுத்தியதுதான்: இந்த நேரத்தில் நீ விலகினால் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் என்னைப் பலவீனமானவன் என்று நினைப்பார், நாட்டு நலனைவிட உன் சொந்த வாக்கைப் பெரிதாக நினைக்கிறாயே. நாட்டு நலனை நாம் வேறு வேறாகப் பார்க்கிறோம் போலிருக்கிறது என்பது ரிச்சர்ட்சனின் பதிலாக இருந்தது. விலகினார். அடுத்து துணை அட்டர்னி ஜெனரல் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸுக்குத் தொலைபேசி வந்தது. உன் தலைமைத் தளபதியின் உத்தரவு இது என்றார் நிக்சனின் தலைமை அலுவலர் அலெக்சாண்டர் ஹேக். அவரும் மறுத்தார்.

ரிச்சர்ட்சனிடம் நான் கற்றது அவருடைய துணிச்சலை அல்ல. அந்த வாரம் முழுக்க அவரும் சமரசம் தேடி அலைந்தவர்தான். நாடாக்களை செனட்டர் ஸ்டென்னிஸ் கேட்டு சுருக்கத்தைச் சரிபார்க்கட்டும் என்ற ஏற்பாட்டை காக்ஸிடம் கொண்டுபோனதும் அவரே. கடைசி நேரத்தில் அவரைப் பிடித்து நிறுத்தியது ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு வாக்கு. 1973 மே மாதம், அவருடைய நியமனத்தை ஏற்பதற்கு முன் செனட் குழு கேட்டது: சிறப்பு வழக்கறிஞரை எப்போது நீக்குவாய்? கடும் முறைகேடு இருந்தால் மட்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார், அது எழுத்திலும் ஏறியது. அக்டோபரில் அவர் புதிதாக எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. காக்ஸ் முறைகேடு செய்தாரா? இல்லை. அப்படியானால் நீக்க முடியாது. அவ்வளவுதான். பேனா நீட்டப்பட்ட என் ஒரு நிமிடம் ஏன் போதவில்லை என்பதற்கு இங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. அதற்கு முன் எந்த மாதத்திலும் யாரிடமும் என் எல்லை இது என்று நான் சொல்லியிருக்கவில்லை.

விலகினால் போதுமா என்றால் போதாது. மறுதேர்தல் குழுவின் பொருளாளர் ஹியூ ஸ்லோன் 1972 ஜூலையிலேயே விலகிவிட்டார். பொய்ச் சாட்சி சொல்ல மனம் வராத நேர்மையான இளைஞர். ஆனால் சத்தமில்லாமல் போனார், அந்த விலகலால் வெளியே ஒன்றும் அசையவில்லை. காக்ஸ் அந்தச் சனிக்கிழமை மதியம் பத்திரிகையாளர்களை அழைத்துப் பேசியிருந்தார், ரிச்சர்ட்சனின் வாக்கு நாடறிந்ததாக இருந்தது, அதனால்தான் அந்த விலகலுக்குப் பொருள் கிடைத்தது.

நான்காவது வழி மார்க் ஃபெல்ட்டுடையது. எஃப்பிஐயில் இரண்டாவது இடத்தில் இருந்தவர். வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பாப் வுட்வர்டை இரவில் நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் சந்தித்துத் தகவல் கொடுத்தார். முப்பது வருடத்துக்கும் மேல் மறுத்துக்கொண்டே இருந்து, 2005-இல் தன் 91-ஆவது வயதில்தான் ஒப்புக்கொண்டார். விளைவைப் பார்த்தால் பெரும் நன்மை. உள்ளே போய்ச் சொல்ல அவருக்கு வழியும் இல்லை. அவருடைய இயக்குநர் கிரேயே விசாரணைக் கோப்புகளை டீனிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். வால்டர்ஸுக்கு ஒரு ஷுல்ட்ஸ் இருந்தார், ஃபெல்ட்டுக்கு இல்லை.

ஆனால் ஃபெல்ட்டின் நோக்கம் கலங்கலானது. எஃப்பிஐ இயக்குநர் எட்கர் ஹூவர் இறந்தபோது அந்தப் பதவி தனக்கு வரும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர் அவர். அதே 1970-களில், தீவிர இடதுசாரிக் குழு ஒன்றின் உறுப்பினர்களைத் தேடி, அவர்களுக்கு வேண்டியவர்களின் வீடுகளில் நீதிமன்ற அனுமதியில்லாமல் நுழைந்து சோதிக்க ஒப்புதல் தந்தவரும் அவர்தான். அதற்காக 1980-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, 1981-இல் ரீகன் மன்னித்தார். வாட்டர்கேட்டை அம்பலப்படுத்திய கையும் இன்னொருவர் வீட்டுப் பூட்டைத் திறக்கச் சொன்ன கையும் ஒன்றே என்பதை நற்பண்பு நெறியால் விழுங்க முடியாது. விளைவுக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. நான் விளைவின் பக்கம் சாய்கிறேன், ஆனால் பாதி மனதோடு. ரகசியமாகச் சொல்லும் அதிகாரி தான் விரும்பியதை மட்டும் சொல்லலாம், விரும்பியவரை மட்டும் வீழ்த்தலாம். அவரைக் கேள்வி கேட்க யாரும் இல்லை.

இதுவரை சொன்ன எல்லோரும் பெரிய ஆட்கள். ரிச்சர்ட்சன் சில ஆண்டுகளுக்குள் பிரிட்டனுக்குத் தூதராகப் போனார், பிறகு வர்த்தக அமைச்சரானார். விலகல் அவரைச் சோற்றுக்கு அலைய வைக்கவில்லை. இந்தக் கதையில் முதலில் தன் கடமையைச் செய்தவர் ஃப்ராங்க் வில்ஸ் என்ற 24 வயது இரவுக் காவலாளி. கதவுப் பூட்டில் ஒட்டியிருந்த பசைநாடாவை ஒருமுறை கிழித்துப் போட்டார். அடுத்த சுற்றில் அது மறுபடி ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்துப் போலீசை அழைத்தார். அதன்பின் அவருக்கு நிலையான வேலை அமையவே இல்லை. 2000-இல் ஜார்ஜியாவில் வறுமையில் இறந்தார். மூன்று கோட்பாடுகளில் எதுவும் இவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று நான் தேடிப் பார்த்தேன். பயன்நோக்கு அவர் இழந்ததைப் பெரிய கூட்டலில் கரைத்துவிடும். காண்ட் கடமைக்குக் கூலி கேட்காதே என்பார். அரிஸ்டாட்டில் மட்டும், நல்ல வாழ்வுக்கு நற்பண்போடு ஓரளவு வாய்ப்பும் வசதியும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டவர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவரிடம் ரிச்சர்ட்சனைப் போல விலகு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் என் தேர்வு இப்படி அமைகிறது. உத்தரவு சட்டத்துக்குப் புறம்பானது, ஆனால் அதைச் செய்யாமல் விட்டாலே தீமை நின்றுவிடும் என்றால், வால்டர்ஸின் வழி. சாதாரண ஊழியராலும் அதில் போக முடியும்: எழுத்தில் கேட்பது, மேலே கொண்டுபோவது, காகிதத்தைப் பத்திரப்படுத்துவது. நம் கையெழுத்து இல்லாமல் அந்தத் தீமை நடக்காது, அதுவும் நாம் முன்பே கொடுத்த வாக்கை அது உடைக்கிறது என்றால், ரிச்சர்ட்சனின் வழி, அதுவும் காரணத்தை வெளியே சொல்லிவிட்டு. ஃபெல்ட்டின் வழி உள்ளே இருக்கும் எல்லாக் கதவுகளும் அடைபட்ட பிறகு மட்டும், அதுவும் பத்திரிகைக்கு முன்னால் நீதிமன்றமோ நாடாளுமன்றக் குழுவோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. போர்க்கின் வழியை ஒரே ஒரு நிலையில் ஏற்பேன்: ஏன் செய்தேன் என்பதை அன்றே பொதுவில் சொல்லி, வேலை முடிந்ததும் பதவியையும் வேண்டாம் என்று விட்டுப் போகத் தயாராக இருந்தால். அவர் நினைத்ததும் அதைத்தான், செய்யவில்லை.

இப்போது நான் பார்க்கும் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, தேதி மாற்றச் சொன்னால் செய்ய மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தார். இதுவரை யாரும் கேட்கவில்லை.